சலூன் கடை நாவல்களும் ஒரு பென்சிலும்



மஞ்சள் வெட்டு நடந்துட்டு இருக்கறதால ஒரு மாசமா எதுவும் எழுத முடியலை. மஞ்சள் விலையைப் பத்தி எழுதுங்கன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அது அடுத்த தடவை. இன்னைக்குக் கதைப் புத்தகத்தைப் பத்தி எழுதறேன். பேய்க்கதை, துப்பறியும் கதை. எனக்கென்ன தெரியும்னு நினைக்காதீங்க. ஒரு காலத்துல அதுல நான் பெரிய ஆளு.

ஆரம்பிச்சு வச்சது பொங்கலுக்கு வந்த பசங்க. எம் பொண்ணு சென்னையில வேலை பார்க்குது. கூட வேலை பார்க்கற மூணு பேரைக் கூட்டிட்டு வந்திருந்துச்சு. ரெண்டு பொண்ணுங்க, ஒரு பையன். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு, களத்துல கயித்துக் கட்டில் போட்டு உக்காந்தோம். பனி இறங்க ஆரம்பிச்சுது. தென்னமட்டையைப் போட்டுத் தீ மூட்டினேன். தீயைச் சுத்தி நாலு பேர் உக்காந்தா பேச்சு பேய்க்குத்தானே போகும்? போயிருச்சு.

ஒரு பொண்ணு ஸ்டீபன் கிங் எழுதின புத்தகம் ஒண்ணைச் சொல்லுச்சு. பெட் செமட்டரின்னு பேரு. ஒரு அப்பன், செத்துப்போன தன் சின்னப் பையனை ஒரு இடத்துல கொண்டுபோய்ப் புதைக்கறான். அங்க புதைச்சா உயிரோட திரும்பி வரும். வர்றது பழைய பிள்ளையா இருக்காதுன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே செய்யறான். “பேயை விட அந்த அப்பாதான் அங்கிள் பயமா இருந்தார். எங்கப்பாவும் அதைத்தான் செய்வார்னு தோணுச்சு”ன்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு.

இன்னொரு பொண்ணு அகதா கிறிஸ்டி கட்சி. “பேய்க்கதை எல்லாம் சும்மா. யார் செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்கன்னு தெரியணும். கடைசியில எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சு ஒவ்வொண்ணா அவிழ்க்கணும். அதுதான் கதை”ன்னு அடிச்சுப் பேசுச்சு.

அந்தப் பையன் ராஜேஷ்குமாரைப் படிச்சிருக்கேன்னு சொன்னான். எனக்கு ஒரே சந்தோஷம். எந்த நாவல்னு கேட்டா, இங்கிலீஷ்ல படிச்சானாம். 2008-ல சென்னையில பிளாஃப்ட்னு ஒரு பதிப்பகம் நம்ம பாக்கெட் நாவல்காரங்க கதைகளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துத் தொகுப்பாப் போட்டுச்சு. அதுல படிச்சிருக்கான். நாங்க சலூன் கடையில வரிசையில நின்னு படிச்சது இப்ப இங்கிலீஷ்ல வழவழ தாள்ல வந்திருக்கு. நல்லதுதான்.

“அங்கிள், நீங்க ராத்திரில தனியாத் தண்ணி கட்டப் போறீங்களே, பேய்க்கு பயப்பட மாட்டீங்களா?”ன்னு கேட்டான்.

“டார்ச் எடுத்துட்டுப் போறது கட்டுவிரியனுக்குப் பயந்துதான் சாமி. பேய் கடிச்சு யாரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனதில்லை”ன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் எங்க ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். அன்னைக்கு அவங்ககிட்டச் சொன்னதையும் சொல்லாம விட்டதையும் இங்க எழுதறேன்.

நான் 1986-ல பத்தாவது முடிச்சுட்டுத் தோட்டத்து வேலைக்கு வந்துட்டேன். அப்ப எங்க ஊர்ல லைப்ரரி கிடையாது. பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர்ல, புளியமரத்தடியில ஒரு ஓலைக் கொட்டகை. அதுதான் சலூன். கண்ணாடிக்குக் கீழ இருக்கற பலகையில பவுடர் டப்பா, சீப்பு, அதுக்குப் பக்கத்துல அடுக்கடுக்கா நாவல். மாலைமதி, ராணி முத்து, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல். சலூன்கார அண்ணன் பிளேடு, பவுடர் வாங்க மாசம் ஒருக்கா ஈரோடு போவார். வரும்போது பழைய புத்தகக் கடையில இருந்து ஒரு கட்டு வாங்கிட்டு வருவார். ரெண்டு நாளைக்கு வாடகை நாலணா. அட்டை கிழிஞ்சா எட்டணா அபராதம்னு எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஆனா அட்டை இருக்கற புத்தகமே பத்துல மூணுதான்.

அந்தப் புத்தகங்கள்ல கதையை விட ருசியானது ஓரத்துல எழுதியிருக்கறது. படிச்சவன் ஒவ்வொருத்தனும் கருத்து எழுதி வச்சிருப்பான். முதல் பக்கத்தைத் திருப்பினா பால் பாயிண்ட் பேனாவுல “கொலைகாரன் டாக்டர்தான்”னு பெருசா இருக்கும். அதுக்குக் கீழே வேற கையெழுத்துல “பொய். ஏமாறாதே. படித்துப் பார்” அப்படின்னு இருக்கும். அதுக்கும் கீழே “இரண்டு பேருமே முட்டாள்கள்”. இதுல எவன் சொல்றது நெஜம்னு கண்டுபிடிக்கவே முழு நாவலையும் படிச்சாகணும்.

எங்க ஊரு அந்தக் காலத்துல யார் எங்க உக்காரலாம், எந்த டம்ளர்ல டீ குடிக்கலாம்னு கணக்குப் பார்த்த ஊரு. மறைச்சு எழுதறதுல அர்த்தமில்லை. ஆனா டீக்கடை பெஞ்சுல பக்கத்துல உக்கார முடியாத ரெண்டு பேர், ஒரே புத்தகத்தோட ஓரத்துல மேலயும் கீழயுமா எழுதிச் சண்டை போட்டிருப்பாங்க. யார் கையெழுத்துன்னு சலூன்கார அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவர் சொல்ல மாட்டார்.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்சி இருந்துச்சு.

சலூன்கார அண்ணன் ராஜேஷ்குமார் கட்சி. “நம்ம கோயமுத்தூர்க்காரர்”னு ஒரு பெருமை. ஆர்.எஸ்.புரம், காந்திபுரம்னு கதையில வந்தா, தான் போய் வந்த ரோட்டுலயே பிணம் விழுந்த மாதிரி சந்தோஷப்படுவார். விவேக்கும் ரூபலாவும் அவருக்குச் சொந்தக்காரங்க மாதிரி. ராஜேஷ்குமார் கதையில ஒரு அத்தியாயம் ஒரு ஊர்ல நடக்கும், அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேற ஆளுங்களோட வேற எங்கயோ நடக்கும். கடைசியில ரெண்டும் வந்து ஒட்டிக்கும். “ரெண்டு வாய்க்கால் தண்ணி ஒரு மடையில வந்து விழற மாதிரி இருக்குது பாரு”ன்னு கத்திரியை நிறுத்திட்டுச் சொல்லுவார். பாதித் தலையோட உக்காந்திருக்கறவன் “சரிண்ணா, நீங்க வெட்டுங்க”ம்பான். அந்த மனுஷர் இதுவரைக்கும் 1500 நாவலுக்கு மேல எழுதிட்டாராம். நான் ஏக்கர் கணக்குல உழுததை விட அவர் பக்கக் கணக்குல உழுதது அதிகம்.

என் கூட்டாளி ஒருத்தன் காலேஜ் போனவன். அவன் சுஜாதா கட்சி. குமுதத்துல தொடரா வந்த ‘கொலையுதிர் காலம்’ பக்கங்களைக் கிழிச்சு, கோணி ஊசியில சணல் கோத்துத் தச்சு வச்சிருந்தான். அதை வாடகைக்குக் கூடத் தரமாட்டான். அவன் வீட்டுத் திண்ணையிலயே உக்காந்து படிச்சுட்டு எந்திரிக்கணும். அந்தக் கதையில நடக்கறதெல்லாம் பேயா, விஞ்ஞானமான்னுதான் கேள்வியே. கணேஷ் விஞ்ஞானம்பார். வசந்த் பேய் பக்கம் சாய்வான். நாங்களும் ரெண்டாப் பிரிஞ்சு ஒரு மாசம் சண்டை போட்டோம். படிக்காதவங்க யாராவது இருப்பீங்க, அதனால முடிவைச் சொல்லலை. ஆனா சுஜாதா அங்கயும் கதவை முழுசாச் சாத்தலைன்னு மட்டும் சொல்றேன்.

நான் பட்டுக்கோட்டை பிரபாகர். பரத், சுசீலா பேசிக்கறதுக்காகவே படிப்பேன். சுசீலாவோட டி-ஷர்ட்ல எழுதியிருக்கற வாசகத்தைப் படிச்சுட்டு யாராவது பார்க்கறாங்களான்னு திரும்பிப் பார்த்த வயசு. சுபாவும் படிப்பேன். சுபாங்கறது ஒரு பொம்பளைன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். சுரேஷ், பாலகிருஷ்ணன்னு ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து எழுதறாங்கன்னு தெரிஞ்சப்ப நம்பவே முடியலை. இங்க பங்காளிங்க ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வரப்பு வெட்ட முடியறதில்லை.

எங்க சித்தப்பா இதையெல்லாம் ஒத்துக்க மாட்டார். “தமிழ்வாணனைப் படிச்சியாடா? சங்கர்லாலைப் படிச்சியா?”ம்பார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட தமிழ்வாணன் படத்தை கல்கண்டுல இருந்து வெட்டிப் பெட்டி மூடிக்குள்ள ஒட்டி வச்சிருந்தார். தமிழ்வாணன் 1977-ல செத்துப் போனதுக்கு அப்புறம் தமிழ்ல துப்பறியும் கதையே இல்லைங்கறது அவர் முடிவு.

இதுல சேராத கட்சி ஒண்ணு இருந்துச்சு. எங்க பெரியம்மா. பெரியம்மா பி.டி.சாமி கட்சி. பி.டி.சாமி பேய்க்கதை எழுதறவர். வேற எதைப் பத்தியும் பெரியம்மாவுக்குக் கவலை இல்லை, பேய் வரணும்.

பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். அதனால நான் படிச்சுக் காட்டணும். வைகாசி கடைசியில விதைக்கடலை உரிக்கற வேலை நடக்கும். நடவுக்குப் போற கடலையை மெஷின்ல போட்டா பருப்பு உடைஞ்சிரும், கையாலதான் உரிக்கணும். பத்துப் பொம்பளைங்க ராத்திரி வாசல்ல உக்காந்து உரிப்பாங்க. நடுவுல ஒரு அரிக்கேன் விளக்கு. கரண்ட் இருந்தாலும் பெரியம்மா பல்பை அணைக்கச் சொல்லிரும். பேய்க்கதைக்குப் பல்பு ஆகாதாம். நான் படிக்கப் படிக்க டப் டப்னு கடலை உடையற சத்தம் கேட்டுட்டே இருக்கும். பேய் வர்ற இடம் வந்தா சத்தம் நின்னுரும். எல்லார் கையும் அப்படியே நிக்கும். அதை வச்சே கதை எப்படின்னு எனக்குத் தெரிஞ்சிரும்.

பெரியம்மா சும்மா கேக்கற ஆளில்லை. பேய்க்கு ஒரு நியாயம் இருக்கணும். சும்மா வந்து பயமுறுத்தற பேயைப் பெரியம்மா மதிக்காது. “அவளுக்கு என்ன கொடுமை நடந்துச்சுன்னு சொல்லாம, வந்து வந்து பல்லைக் காட்டுனா என்னடா கதை அது, அடுத்ததை எடு”ன்னு சொல்லிரும். யார் கெடுதல் செஞ்சானோ அவனை மட்டும்தான் பேய் பிடிக்கணும். குழந்தையைத் தொடக் கூடாது. இந்த ரெண்டு விதியும் மீறாத பேய்தான் நல்ல பேய்.

நான் அப்ப துப்பறியும் கட்சி இல்லீங்களா, பெரியம்மாவைக் கிண்டல் பண்ணுவேன். “இதெல்லாம் மூட நம்பிக்கை பெரியம்மா. விவேக் வந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவார், எவன் வெள்ளைச் சீலை கட்டிட்டு நின்னான்னு.” பெரியம்மா ஒண்ணும் சொல்லாது. உரிச்ச கடலையில ஒண்ணை எடுத்து என் மேல எறியும்.

கடலை உரிக்க வர்றவங்கள்ல மேல் வளவு அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. பேர் வேண்டாம். அவங்க பிறந்த வீட்டு ஆளுங்க, புகுந்த வீட்டு ஆளுங்க எல்லாம் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்காங்க. கல்யாணமாகி வந்து ரெண்டு வருஷம் இருக்கும். வயசு இருபத்திரண்டு, இருபத்திமூணு. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. மத்தவங்க எல்லாம் கதை கேட்டுட்டுப் போயிருவாங்க. இந்தக்கா மட்டும் “தம்பி, அந்தப் புத்தகத்தை நாளைக்குக் குடுக்கறியா?”ன்னு கேட்டாங்க.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் பால் ஊத்தப் போற வழியில அவங்க வீட்டுக் கட்டுத்தாரை. சாணி அள்ளிட்டு இருப்பாங்க. துண்டுல சுத்தின புத்தகத்தைத் தீவனத் தொட்டிக்குப் பின்னாடி வச்சுட்டுப் போயிருவேன். ரெண்டு நாள் கழிச்சு அதே இடத்துல இருக்கும். நாலணாவை நானே குடுத்துருவேன். அவங்க கையில காசு இருக்காது.

திரும்பி வர்ற புத்தகத்துல பென்சில்ல எழுதியிருப்பாங்க. முதல் பக்கத்துல எழுத மாட்டாங்க. கொலைகாரன் பேரை எழுத மாட்டாங்க. உள்ள, ஏதோ ஒரு பக்கத்தோட ஓரத்துல, எறும்பு போற மாதிரி சின்ன எழுத்து. “இவள் ஏன் கதவைத் திறந்தாள்?” “மாமியார் சொன்னது பொய்.” “இந்த போலீஸ்காரர் நல்லவர்.” நான் அதுக்குக் கீழே பதில் எழுதி வைப்பேன். அடுத்த புத்தகத்துல “உன் கணக்கு தப்பு தம்பி”ன்னு வரும். நேர்ல பார்த்தா ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம். ஊரு அப்படி.

பேய்க்கதையும் படிப்பாங்க, துப்பறியும் கதையும் படிப்பாங்க. எது புடிக்கும்னு கேட்டு ஒருக்கா எழுதினேன். பதில் ஒரு பேய் நாவலோட கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. “செத்த பிறகுதான் இவளுக்குப் பேச்சு வருகிறது” அப்படின்னு. நான் கேட்டதுக்கு இது என்ன பதில்னு எனக்கு அப்ப விளங்கலை. பதினேழு வயசு. சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

1988 ஐப்பசியில ஒரு நாள் விடியக்காலம் அந்தக்காவை அவங்க தோட்டத்துக் கிணத்துல இருந்து எடுத்தாங்க.

மழை பேஞ்சு படிக்கட்டு பாசி புடிச்சிருந்துச்சு, தண்ணி மொண்டு வரப் போனவ கால் வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னாங்க. விசாரிக்க ரெண்டு பேர் வந்தாங்க. திண்ணையில உக்காந்து காபி குடிச்சாங்க. பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்தக்காவோட அப்பா துண்டை வாயில வச்சுட்டு வேலி ஓரமா நின்னது இன்னும் கண்ணுல இருக்கு.

மூணாம் நாள் வேற பேச்சு கிளம்புச்சு. மாமியார்க்காரி வீட்டுல பரண்ல ஒரு நாவல் கிடைச்சுதாம். “இந்தக் கருமாந்தரத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் அவ புத்தி பேதலிச்சுப் போச்சு. ராத்திரியெல்லாம் பயந்து பயந்து முழிச்சா”ன்னு அந்தம்மா ஊரைக் கூட்டிச் சொன்னாங்க. எல்லாரும் ஆமாம்னாங்க. கால் வழுக்கினவ எப்படி பயந்து விழுந்தவளா மாறினான்னு ஒருத்தரும் கேக்கலை. குத்தவாளி கிடைச்சாச்சு. சலூன்கார அண்ணனைக் கூப்பிட்டு மரத்தடியில நிக்க வச்சு, பொம்பளைங்க கைக்குப் புத்தகம் எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க. அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கப்பாவுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். அவர் என் பேரைச் சொல்லலை. “தெரியாதுங்க சாமி, என் தப்புத்தானுங்க”ன்னு கையைக் கட்டிச் சொன்னார். அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பலகையில இருந்த புத்தகம் மொத்தத்தையும் கடைக்கு முன்னால போட்டு எரிச்சாங்க. சீமெண்ணெய் ஊத்தினது எங்க சித்தப்பா. சங்கர்லாலை விட்டா ஆளில்லைன்னு சொன்ன அதே சித்தப்பா.

பரண்ல கிடைச்ச புத்தகத்தை மட்டும் எரிக்கலை. அந்தம்மா கோபத்துல வேலிக்கு வெளியில வீசியிருந்தாங்க. நான் அடுத்த நாள் பால் ஊத்தப் போகும்போது எடுத்தேன். நான் கடைசியாக் குடுத்த புத்தகம். அட்டையும் இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை, யார் எழுதினதுன்னே தெரியாது. அதுல ஒரு வீட்டுல மருமக செத்துப் போயிருவா. வீட்டுக்காரங்க எல்லாம் ஒரே மாதிரி தற்கொலைம்பாங்க. வந்த இன்ஸ்பெக்டர் மட்டும் நம்பாம திரும்பத் திரும்பக் கேள்வி கேப்பார். அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்துச்சு. “இப்படி ஒருத்தர் கேட்கணும்.”

அவ்வளவுதான். அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. நூறு நாவல்ல எழுதின நூறு வரியில அதுவும் ஒண்ணு. எல்லாப் புத்தகத்துலயும் அந்தக்கா அப்படித்தான் எழுதுவாங்க. நான் இதை எனக்கே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன். ஆனா எனக்கு விவேக்கைத் தெரியும், பரத்தைத் தெரியும், கணேஷைத் தெரியும். ஒரு துப்பு கையில கிடைச்சா என்ன செய்யணும்னு முப்பது, நாப்பது நாவல்ல படிச்சிருக்கேன். நான் என்ன செஞ்சேன்? புத்தகத்தைக் காகிதப் பையில சுத்தி, சாளையில கூரைச் சந்துல சொருகி வச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா, குடுத்தது நான்னு தெரிஞ்சிரும்.

ஆறு மாசத்துல அந்தக்கா பேயாயிட்டாங்க. ராத்திரி தண்ணி கட்டப் போனவன் அந்தக் கிணத்து மேட்டுல கொலுசுச் சத்தம் கேட்டேன்னான். இன்னொருத்தன் தலைவிரி கோலமா நின்னதைப் பார்த்தேன்னான். அந்த வீட்டு மாமியார்க்காரி ராத்திரி தூக்கத்துல எழுந்து கத்த ஆரம்பிச்சாங்க. அந்தக்கா வீட்டுக்காரர் ரெண்டு வருஷத்துல தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு ஊரை விட்டே போயிட்டார். குத்தகைக்கு எடுத்தவனும் அந்தக் கிணத்துல தண்ணி எடுக்கலை, போர் போட்டான்.

ஒரு நாள் பெரியம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன். “நீங்களாச்சும் இப்படிப் பேசாதீங்க பெரியம்மா. பேய் கீய்னு சொல்லி அந்தக்காவைக் கேவலப்படுத்தறாங்க. யார் என்ன செஞ்சாங்கன்னு கேக்கறதை விட்டுட்டு.”

பெரியம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்துச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு. “உன்ற விவேக்கு வந்தானாடா நம்மூருக்கு?”ன்னு கேட்டுச்சு. “வரலை இல்ல? அவளுக்காக ஒருத்தனும் வரலை. அவளாச்சும் வந்தாளே.”

எனக்குப் பதில் இல்லை. இன்னைக்கு வரைக்கும் இல்லை.

அதுக்கப்புறம் நான் பேய்க்கதையைக் கிண்டல் பண்றதை விட்டுட்டேன். அந்த வாசல்ல கடலை உரிச்ச பத்துப் பொம்பளைங்களும் ஏன் அப்படிக் கையை நிறுத்திட்டுக் கேட்டாங்கன்னு அப்பதான் கொஞ்சம் புரிஞ்சுது. பயந்து நிறுத்தினாங்கன்னு நான் நினைச்சேன். அந்தப் பேய் யாரைப் பிடிக்கப் போகுதுன்னு பார்க்கறதுக்காக நிறுத்தியிருக்காங்க. துப்பறியும் கதையில நியாயம் கிடைக்கணும்னா ஒரு விவேக் வேணும், ஒரு கணேஷ் வேணும், கேக்கறதுக்கு ஒரு போலீசும் கோர்ட்டும் வேணும். பேய்க்கதையில செத்தவளே போதும். அவங்களுக்குத் தெரிஞ்ச உலகத்துல எது நடக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

ஆனா நான் முழுசாக் கட்சி மாறலை. பேய் வந்துருச்சு, அது பார்த்துக்கும்னு ஊரே படுத்துத் தூங்கிருச்சே, அதையும் பார்த்தேன். மாமியார்க்காரி கத்தினது எல்லாருக்கும் ஒரு திருப்தி. நியாயம் நடந்துட்டு இருக்குன்னு. அதோட சரி. பேய் மட்டும் இல்லாம இருந்திருந்தா யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருப்பாங்களோ என்னவோ. நானே திறந்திருப்பேனோ என்னவோ. தெரியலை. பெரியம்மா போய்ப் பதிமூணு வருஷம் ஆச்சு. இருந்திருந்தா இதுக்கும் ஏதாச்சும் ஒரு சொல்லு வச்சிருக்கும்.

தொண்ணூறுகள்ல சன் டிவியில ‘மர்மதேசம்’ வந்துச்சு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதினது. அதுல ‘விடாது கருப்பு’ ஓடின காலத்துல பெரியம்மா எங்க வீட்டு டிவி முன்னால மத்த வேலையெல்லாம் விட்டுட்டு வந்து உக்காந்துரும். ஊர்ல தப்பு செஞ்சவனைக் கருப்பு தண்டிக்குது, அது சாமியா மனுஷனாங்கறதுதான் கதை. எங்க பேய் கட்சி, துப்பறியும் கட்சி ரெண்டும் ஒரே கதையில உக்காந்திருந்துச்சு. “இந்தாளுக்கு நம்மூரு தெரியும்டா”ன்னு பெரியம்மா சொன்னது ஞாபகம் இருக்கு. 2024 நவம்பர்ல அவர் மதுரையில இறந்துட்டார்னு செய்தி பார்த்தப்ப எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

சலூன்கார அண்ணன் அதுக்கப்புறம் புத்தகம் வாங்கலை. மூணு வருஷம் கழிச்சு திருப்பூர் போயிட்டார், மகன் பனியன் கம்பெனியில சேர்ந்ததும். போறதுக்கு முன்னாடி நான் ஒருக்கா முடி வெட்டப் போனேன். கடையில யாரும் இல்லை. “அண்ணா, அன்னைக்கு…”ன்னு ஆரம்பிச்சேன். “தலையை ஆட்டாதீங்க தம்பி, காது போயிரும்”னு சொன்னார். அதுக்கு மேல பேச விடலை.

கூரைச் சந்துல வச்ச புத்தகத்தை எப்பவோ ஒரு மழைக்காலத்துல கரையான் தின்னுருச்சு. சாளையைப் பிரிச்சு ஆஸ்பெஸ்டாஸ் போடும்போது பார்த்தேன். கையில எடுத்ததும் மண்ணா உதிர்ந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி களத்துல பசங்ககிட்ட இதுல பாதியைத்தான் சொன்னேன். சலூனு, ஓரத்துல எழுதறது, பெரியம்மா, கிணத்துப் பேய் வரைக்கும். பென்சில் எழுத்தைச் சொல்லலை, எம் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்துச்சு. கிறிஸ்டி படிக்கற பொண்ணு மட்டும், “அப்ப யார் அங்கிள் செஞ்சது?”ன்னு கேட்டுச்சு. “யாரும் கேக்கலை கண்ணு”ன்னேன். “நீங்க?”ன்னு கேட்டுச்சு. தீயைக் கிளறி விட்டேன். பதினோரு மணிக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துச்சு, மோட்டார் போடணும்னு எந்திரிச்சுட்டேன்.

காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு கிணத்தைப் பார்க்கணும்னு சொல்லுச்சு. கூட்டிட்டுப் போனேன். கிணறு இப்ப இல்லை. மண்ணைக் கொட்டி மூடி, மேல தென்னை வச்சிருக்காங்க. அஞ்சாறு மரம், நல்லாக் காய்க்குது. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, “அவங்க பேர் என்ன அங்கிள்?”ன்னு கேட்டுச்சு.

எனக்கு ஒரு நிமிஷம் தொண்டை அடைச்சுக்குச்சு. எங்க ஊர்ல அந்தக்காவை இப்ப கெணத்துக்காரின்னுதான் சொல்லுவாங்க. சின்னப் பசங்களுக்கு சோறு ஊட்டும்போது, கெணத்துக்காரி வந்துருவான்னு சொல்லித்தான் ஊட்டறாங்க. பேய்க்கதையில அவங்களுக்கு இடம் கிடைச்சுது, பேரு போயிருச்சு. இத்தனை வருஷத்துல என்கிட்ட அந்தப் பேரைக் கேட்ட முதல் ஆளு இந்தப் பொண்ணுதான்.

சொன்னேன். சத்தமாவே சொன்னேன். அந்தப் பொண்ணு போன்ல எழுதி வச்சுக்குச்சு.

எம் பொண்ணு போன வாரம் சென்னையில இருந்து ரெண்டு நாவல் அனுப்பி வச்சிருக்கு. ஒண்ணு பேய், ஒண்ணு கொலை. ராத்திரி கரண்டுக்குக் காத்திருக்கும்போது மோட்டார் ரூம் பல்பு வெளிச்சத்துல படிச்சுட்டு இருக்கேன். காதுல சொருகின பென்சில் ஒண்ணு இருக்கு, மஞ்சள் மூட்டைக் கணக்கு எழுதறது. ஓரத்துல ஏதாச்சும் எழுதலாம்னு கை போகுது. இன்னும் எழுதலை.

உங்களுக்கு எந்தக் கட்சின்னு சொல்லுங்க. முடிவை மட்டும் சொல்லிறாதீங்க.